கை மாறும் இடத்தில் வெடிக்கும் சண்டை: வீடு கட்டும் சைட்டில் ஆட்கள் மோதிக்கொள்வது எதனால்

கான்கிரீட் போடும் நாள் காலை ஏழு மணிக்குத் தளத்தின் மேல் ஏறிப் பார்த்தால், ஒரு வீட்டு வேலையில் வரக்கூடிய பாதிச் சண்டைகளுக்கு விதை அங்கேயே கிடக்கும். சென்ட்ரிங்காரர் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அடிப்பவர்) இன்னும் ஓரப் பலகை அடித்துக்கொண்டிருப்பார். கம்பி கட்டுபவர் கடைசி இரண்டு பீமில் குனிந்திருப்பார். அவர் நேற்றுக் கட்டிய மேல் கம்பியை மிதித்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் பைப் போடுவார். கீழே மிக்சர் மெஷின் வந்து நிற்கும். கான்கிரீட் கேங் ஆட்கள் டீ குடித்து முடித்து, "எப்ப சார் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாலு குழு, ஒரே தளம். கூலிக் கணக்கு மட்டும் நாலு விதம். சென்ட்ரிங்காரருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, கம்பிக்காரருக்குக் கிலோவுக்கு, எலக்ட்ரீஷியனுக்கு பாயின்டுக்கு, கான்கிரீட் கேங்குக்கு அன்றைய வேலைக்கு மொத்தமாக. தன் வேலையைச் சீக்கிரம் முடிப்பதில் ஒவ்வொருவருக்கும் லாபம் இருக்கிறது. அடுத்தவன் வேலைக்கு இடம் விட்டுச் செய்வதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. வாய்ச்சண்டை, வேலையைப் போட்டுவிட்டுப் போவது, பில்லில் பிடித்தம், கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் என்று வளர்வதெல்லாம் பெரும்பாலும் ஒருவர் வேலை முடித்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் தொடங்குகின்றன. "அந்த மேஸ்திரி கோபக்காரர்" என்று சொல்லி ஆளை மாற்றுவோம். புது மேஸ்திரி வந்து மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே சண்டை வரும்.

ரூஃப் கான்கிரீட்

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்ட்ரிங் முடிந்து மட்டம் பார்த்த பிறகு அடிக்கம்பி. அதன்மேல் எலக்ட்ரிக்கல் பைப்பும் ஃபேன் பாக்ஸும். பிறகு மேல் கம்பி. குழாய் இறங்கும் இடங்களில் துளைக்காகப் பிளம்பர் வைக்கும் ஸ்லீவ். கடைசியாக இன்ஜினியர் பார்வை. ஆனால் சைட்டில் இன்ஜினியரோ ஓனரோ எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவது முதல் நாள் ராத்திரி. அவர் வரும்போது மேல் கம்பியும் கட்டியாகியிருக்கும். பைப்பை நுழைக்க அவர் கம்பியை நெம்புவார், கட்டுக்கம்பியை வெட்டுவார், கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) நகரும். கம்பிக்காரர் மறுபடி கட்ட வேண்டும். அதற்குக் கிலோக் கணக்கில் கூலி கிடையாது. சண்டை வராமல் என்ன செய்யும்?

இதில் மானப் பிரச்சினையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியமான கம்பி மேல்பக்கம்தான். அதை மிதித்து அடியில் தள்ளிவிட்டால் சென்ட்ரிங் பிரித்த பிறகு சுவரோரமாக மேலே விரிசல் விடும், சில சமயம் மொத்தமாகத் தொங்கிவிடும். அப்போது கம்பிக்காரர் "நான் சரியாத்தான் கட்டினேன்" என்பார். எலக்ட்ரீஷியன் "எனக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கான்கிரீட்டுக்குள் போனதை யாரும் பார்க்க முடியாது. அதனால் மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பியை சுமார் 1 மீட்டருக்கு ஒன்றாவது வைப்பது, நடப்பதற்குப் பலகை போடுவது, தளத்துக்கு 20 மி.மீ. கவர் பிளாக் வைப்பது ஆகியவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை, டேப்பை வைத்துப் பத்துப் பதினைந்து போட்டோ எடுத்து, சம்பந்தப்பட்ட எல்லோர் போனுக்கும் அனுப்பிவிட வேண்டும். கால்மணி நேர வேலை. பின்னால் வரும் "நான் இல்லை, அவன்" பேச்சில் பெரும்பங்கு இதிலேயே அடங்கிவிடும்.

எலக்ட்ரீஷியனுக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள், அடிக்கம்பி முடிந்த மறுகணம். மேல் கம்பி கட்ட ஆரம்பிப்பதற்கு முன் அவர் சைட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஃபேன் பாக்ஸில் தெர்மாகோலோ நனைத்த பேப்பரோ அடைத்திருக்கிறாரா, பைப் இணைப்புகளில் சொல்யூஷன் போட்டிருக்கிறாரா என்று பார்த்தாலே போதும். இணைப்பில் சிமென்ட் பால் இறங்கி பைப் அடைத்துக்கொள்வது, சென்ட்ரிங் பிரித்து ஒயர் இழுக்கும் நாளில்தான் தெரியவரும். அன்றைக்குப் பழி கான்கிரீட் கேங்கின் தலையில் விழும். அவர்கள் அப்போது வேறு ஊரில் வேறு சைட்டில் இருப்பார்கள்.

அடுத்து தண்ணீர். நம் ஊர் சைட்களில் இன்ஜினியர் தொண்டை வறளக் கத்துவது அநேகமாக இதற்குத்தான். எம்20 நாமினல் கலவையில் (சிமென்ட் 1, மணல் 1.5, ஜல்லி 3) 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் உச்ச அளவு. கேங்குக்கு மொத்தக் கூலி. கலவை இளகலாக இருந்தால் சட்டியிலிருந்து தானாக வழியும், பரப்புவது எளிது, இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம். ஆகவே அவர்கள் பக்கெட்டைச் சாய்ப்பது சோம்பலால் என்று திட்டிப் பயனில்லை. அந்தக் கூலிமுறை அவர்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. செய்யக்கூடியது: மெஷினுக்குப் பக்கத்தில் கோடு போட்ட ஒரே பக்கெட், அதைக் கையாள ஓனர் தரப்பில் கூலி வாங்கும் ஒரே ஆள், இளக்கம் வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்கி வைத்த பிளாஸ்டிசைசர். ஜல்லியையும் மணலையும் சட்டிக் கணக்கில் அளந்தால் "தலைதட்டி எத்தனை, குவித்து எத்தனை" என்ற தகராறு தனியாக வரும். 1.25 கன அடிப் பெட்டி ஒன்று அடித்து வையுங்கள். ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் என்றால் கதை வேறு. 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் தளத்துக்கு மட்டும் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர், பீம் தனி. 6 கன மீட்டர் லாரி இரண்டு போதும் என்று சொல்லிவிட்டு, பீமுக்கு மூன்றாவது லாரியை அவசரமாகக் கூப்பிடும்போது ஊர் டிராபிக்கில் அது மாட்டும். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. தாமதமானால் டிரைவர் தண்ணீர் அடிப்பார், பம்ப்காரர் காத்திருப்புப் பணம் கேட்பார். பீமையும் கூட்டிக் கணக்குப் போட்டு முதலிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

மழை நாளுக்கு ஒரு வரி. ஐப்பசி, கார்த்திகையில் ரூஃப் வைத்தால், போடுவதா தள்ளுவதா என்பதை யார் எத்தனை மணிக்குச் சொல்வது என்று முன்னமே பேசுங்கள். காலை ஆறு மணிக்குள் இன்ஜினியர் சொல்லிவிட்டால் கூலி இல்லை. ஆட்கள் வண்டியேறி வந்து இறங்கிய பிறகு சொன்னால் அரை நாள் கூலி. இப்படி எழுதி வைத்த சைட்டில் மழையோடு மட்டும்தான் சண்டை.

பிரிப்பதிலும் பணம்தான். சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் உங்கள் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும், சொந்தமானால் சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலை தள்ளிப்போகிறது. வாடகைக்கு எடுத்ததானால் கைக்காசு போகிறது. ஐந்தாம் நாளே "பிரிச்சிரலாமா சார்?" என்று ஆரம்பிப்பார். ஐ.எஸ். 456 கணக்கு சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கானது: பீம், தூண் பக்கப் பலகைகள் 16 முதல் 24 மணி நேரம், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் அடி முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இப்போது பெரும்பாலும் மெதுவாக வலுவேறும் பி.பி.சி. சிமென்ட் என்பதால் இன்னும் சில நாள் கூட்டித்தான் வைக்க வேண்டும். ரேட் பேசும்போதே இத்தனை நாள் நிற்கும் என்று சொல்லியிருந்தால் அவர் வாடகையைக் கூட்டி ரேட் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டு, பிறகு விதியைக் காட்டி நிறுத்தி வைத்தால் அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு.

மட்டக்கோடு

தச்சர் நிலை வைக்கும்போது தரை என்பது அவருக்கு அன்று கண்ணுக்குத் தெரியும் கரடுமுரடான கான்கிரீட். டைல்ஸ்காரருக்குத் தரை என்பது அதன்மேல் 40 மி.மீ. கலவையும் 10 மி.மீ. டைல்ஸும் சேர்ந்தது. வித்தியாசம் 50 மி.மீ., இரண்டு அங்குலம். ஏழடிக் கதவு ஆறடி பத்தங்குலத்தில் வந்து நிற்கும். அடியில் அறுக்க வேண்டும். தேக்குக் கதவை அறுக்கச் சொன்னால் தச்சர் விடுவாரா? எலக்ட்ரீஷியனின் சுவிட்ச் பாக்ஸ் அறைக்கு அறை ஏறி இறங்கி நிற்பதற்கும், அடுப்படி மேடையும் சிங்க் குழாயும் பொருந்தாமல் போவதற்கும் காரணம் இதே தரைதான்.

மருந்து மிகவும் மலிவு. சுவர் எழும்பியவுடன், பூச்சுக்கு முன், லெவல் டியூப் வைத்து வீடு முழுக்க ஒரே மட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும்: டைல்ஸ் போட்டு முடியப்போகும் தரை மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர். தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ்காரர் எல்லோரும் அந்தக் கோட்டிலிருந்து கீழேயோ மேலேயோ அளக்கட்டும். தரையிலிருந்து யாரும் அளக்கக் கூடாது. பூச்சில் கோடு மறைந்தால் அன்றே புதுப் பூச்சின்மேல் மறுபடி போட வேண்டும். இதை ஏனோ பல சைட்களில் மறந்துவிடுகிறார்கள். பூச்சு முடிந்த வீட்டில்தான் அந்தக் கோடு அதிகம் தேவைப்படுகிறது.

பாத்ரூமில் மட்டம் மட்டும் போதாது. வரிசையும் தவறக் கூடாது. வாட்டர்புரூஃபிங் அடித்த பிறகு பிளம்பர் வந்து ஒரு துளை போட்டால், ஆறு மாதம் கழித்துக் கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியும்போது வாட்டர்புரூஃபிங்காரர் கையை விரித்துவிடுவார். பிளம்பர் முடித்ததும் கைப் பம்பில் பிரஷர் ஏற்றி, மீட்டர் முள்ளை ஆரம்பத்திலும் முடிவிலும் போட்டோ எடுங்கள். பிறகு வாட்டர்புரூஃபிங். பிறகு 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே போய்ப் பார்ப்பது. அதற்குப் பிறகே டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்தவரும் அடுத்து வருபவரும் சேர்ந்து நின்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும்.

அளவில் வரும் தகராறு

பூச்சு வேலைக்குச் சதுர அடி ரேட் பேசிவிட்டு, ஜன்னல் கதவைக் கழிப்பதா வேண்டாமா என்று பேசாமல் விடுவது கடைசி பில்லில் பேச்சுவார்த்தையே முறிந்துபோகும் அளவுக்குக் கொண்டுபோகும். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் எட்டு இருந்தால், இரண்டு பக்கமும் கழித்தால் 256 சதுர அடி போகும். கழிக்காவிட்டால் ஒன்றும் போகாது. மேஸ்திரி கழிக்காத கணக்கையும் ஓனர் முழுக்கக் கழித்த கணக்கையும் மனதில் வைத்திருப்பார்கள். ஐ.எஸ். 1200 முறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 0.5 சதுர மீட்டர் (சுமார் 5.4 சதுர அடி) வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை, 2 அடிக்கு 1.5 அடி வென்டிலேட்டர் இதில் வரும். 0.5 முதல் 3 சதுர மீட்டர் (சுமார் 32 சதுர அடி) வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, திறப்பின் உள் ஓரங்களில் பூசும் ஓரப்பூச்சுக்கான ஈடு. சாதாரண ஜன்னலும் மூன்றரைக்கு ஏழடிக் கதவும் இதற்குள் அடங்கும். 3 சதுர மீட்டருக்கு மேல் என்றால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரப்பூச்சைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். அந்த எட்டு ஜன்னலில் இந்த முறைப்படி கழிவு 128 சதுர அடி. எந்த முறையை எடுத்தாலும் பரவாயில்லை. வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு ஜன்னலை இரண்டு பேரும் சேர்ந்து அளந்து, விடையை எழுதிக்கொண்டால் மீதி தானாக ஓடும்.

கம்பிக் கூலியில் வேறொரு சிக்கல். கம்பியின் எடையை விட்டம் × விட்டம் ÷ 162 என்று போடுவோம், 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர்க் கம்பி ஒன்று 4.74 கிலோ. நூறு கம்பி 474 கிலோ. ஆனால் 10 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு எடை 7 சதவீதம் வரை கூடவோ குறையவோ ஐ.எஸ். 1786 இடம் கொடுக்கிறது. குறைந்தால் அதே நூறு கம்பி எடைமேடையில் சுமார் 441 கிலோதான் காட்டும். கூலி எந்த எடைக்கு? கணக்குப்போட்ட எடைக்கா, வேபிரிட்ஜ் சீட்டுக்கா? துண்டுக் கம்பியும் அந்தக் கிலோவில் சேர்த்தியா? வாங்கிய மொத்தக் கம்பிக்கும் கூலி என்று பேசினால் துண்டு அதிகமானால் யாருக்கும் கவலை இருக்காது. கட்டிய கம்பிக்கு, வரைபடக் கணக்குப்படி கூலி என்பதே நல்லது. துண்டுக் கம்பியும் காலிச் சிமென்ட் சாக்கும் யாருக்கு என்பதையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சாக்குக்காக வாட்ச்மேனும் கொத்தனாரும் கைகலந்த சைட்கள் உண்டு.

லேபர் கான்ட்ராக்ட் சதுர அடிக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும்போது எழுதவேண்டியவை: போர்டிகோ முழுசா பாதியா, சன்ஷேட் சேர்த்தியா, படிக்கட்டின் மேலறை, கைப்பிடிச் சுவர், சம்ப் (லிட்டர் கணக்கிலா), செப்டிக் டேங்க், முகப்பு வேலை, பேஸ்மென்ட் எத்தனை அடிக்கு மேல் போனால் கூடுதல். எழுதாமல் விட்ட எதுவும் பின்னால் இலவசமாக நடக்காது.

இரண்டு வாய்

இன்ஜினியர் காலையில் வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போவார். மாலையில் ஓனரின் மாமனார் வந்து, வாஸ்துப்படி ஜன்னலை அரையடி நகர்த்தச் சொல்வார். மேஸ்திரி யாரிடம் சம்பளம் வாங்குகிறாரோ அவர் வீட்டு ஆள் பேச்சைத்தான் கேட்பார். அதைக் குறைசொல்ல முடியாது. மறுநாள் இன்ஜினியர் வந்து பார்த்து, லிண்டல் (ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்திரம்) கம்பியின் தாங்கல் குறைந்துவிட்டது என்று சத்தம் போடுவார். நடுவில் கொத்தனார் மாட்டிக்கொள்வார். மாற்றம் யாரும் கேட்கலாம். ஆனால் சைட்டில் சொல்வது ஒரே ஒருவர். மேஸ்திரி அவரிடம் மட்டுமே வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றத்துக்கு ஆகும் பணமும் நாளும் நோட்டில் ஏறிய பிறகே சுவரில் கை வைக்க வேண்டும். "இதுக்கு இவ்வளவு ஆகும், நாலு நாள் தள்ளும்" என்று எழுதிக் காட்டினால் மாற்றங்களில் கணிசமானவை தாமாகவே வாபஸ் ஆகிவிடும்.

பழைய வரைபடத்தைக் கிழித்துப் போடாததும் சண்டைக்கு ஒரு காரணம். ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு, புதியது வந்ததும் பழையதைத் திரும்ப வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய படத்தை வைத்துக் கம்பி வளைக்கிறவர் மேல் தப்பே கிடையாது. வரைபடம் மி.மீ.யில், கொத்தனார் டேப் அடி அங்குலத்தில், தச்சர் பேச்சு நூலில் (எட்டில் ஒரு அங்குலம், மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகம்). இந்த மூன்று மொழியும் ஒரு சைட்டில் ஓடும்போது "ஆறு இடைவெளி" என்று வாயால் சொல்வது வம்பு. வடமாநிலத்துக் கம்பி கட்டும் ஆட்கள் இருந்தால் இன்னும் சிரமம். பலகையில் படம் வரைந்து, 150 மி.மீ. என்றும் 6 அங்குலம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாட்டுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.

கூலியும் கடைசி மாதமும்

சனிக்கிழமை சாயந்திரச் சம்பளம் தள்ளிப்போனால் திங்கட்கிழமை ஆள் வராது. அது அனைவருக்கும் தெரியும். தெரியாத பக்கம், காத்திருந்த நாளின் கூலி. பொருள் வரவில்லை என்று ஒன்பது மணி வரை உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினால், சித்தாளுக்கு அன்று உலை கொதிக்காது. பிறகு மேஸ்திரி என்ன செய்வார்? அடுத்த முறை நீங்கள் "எல்லாம் ரெடி, வாங்க" என்றாலும் நம்பாமல் வேறு சைட்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு, "நாளைக்கு வரேன் சார்" என்பார். யாரால் தாமதமோ அவர் அரை நாள் கூலி தருவது என்று ஏற்பாடு இருந்தால் இரு பக்கமும் பொய் குறையும். கூப்பிடுகிறவரும் பொருள் வந்திறங்கியதைப் பார்த்த பிறகே போனை எடுப்பார்.

கிரகப்பிரவேசத் தேதி குறித்தவுடன் வேறொரு வீடாகிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் செய்யமாட்டார்கள் என்பதால் ஆடிக்கு முன்பே முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆவணி வரை தள்ள வேண்டும். தையிலும் இதே நெருக்கடி. தேதி நகராது, வேலை நகராமல் நிற்கும். கடைசி இரண்டு வாரத்தில் ஒரே ஹாலில் தச்சர் அறுப்பார், பெயின்டர் கடைசி கோட் அடிப்பார், எலக்ட்ரீஷியன் ஃபேன் மாட்டக் கருப்புக் கைரேகையோடு ஏணி ஏறுவார். மரத்தூள் ஈரப் பெயின்டில் ஒட்டும். ஏணிக் கால் கிரானைட்டைக் கீறும். யார் கீறியது என்பதற்கு சாட்சி இருக்காது.

இதற்குக் கைகொடுப்பது அறைப் பூட்டு. முடித்த அறையைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள். அந்த அறைக்குள் அடுத்து யார் போகிறாரோ அவர் நோட்டில் நேரம் போட்டுச் சாவி வாங்கி, வெளியே வரும்போது திருப்பித் தரட்டும். தச்சர் அறுப்பதை வாசலில் தார்ப்பாய் விரித்து வெளியே வையுங்கள். பெயின்டின் கடைசி கோட், எலக்ட்ரீஷியன் சுவிட்ச் தட்டுகளை மாட்டி முடித்த பிறகுதான். தட்டுகளைச் சுற்றி டேப் ஒட்டி அடித்துக்கொள்ளலாம். தரைக்கு அட்டையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போட்டு மூடியிருந்தால், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எடுத்தால் போதும். சாவி நோட்டு இருக்கும் வீட்டில் கீறல் விழாது என்று சொல்ல முடியாது. கீறல் விழுந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் யார் என்பது தெரிந்திருக்கும், அவரே வந்து பாலிஷ் போட்டுவிட்டுப் போவார்.